விரல் உயரப் பின்னல் பொம்மைகள்: திருகோணமலையில் தொடங்குவோருக்கான வழிகாட்டி

ஏழு சென்ரிமீற்றர் உயரமுள்ள பின்னல் பொம்மையொன்றை, திறப்புக் கோர்வையிலோ கைப்பையிலோ தொங்கவிடக்கூடிய நினைவுப் பொருளாகச் செய்து விற்பது எப்படி என்று முழுமையாகச் சொல்லித் தருபவரைத் திருகோணமலையில் கண்டுபிடிப்பது கடினம். ஊசி பிடிக்கத் தெரிந்தவருக்கு அலுவலக நடைமுறை தெரிவதில்லை. அலுவலகத்தில் இருப்பவருக்குப் பின்னல் தெரிவதில்லை. விற்பவர் இரண்டையும் கேட்பதில்லை. இந்த மூன்று பக்கமும் அலைந்து சேர்த்த விபரங்களை, புதியவர் ஒருவர் எந்த வரிசையில் செய்தால் பணமும் நாளும் வீணாகாதோ அந்த வரிசையில் கீழே தருகிறேன். குழந்தைத் தொப்பியோ கழுத்துப் பட்டியோ ஒருமுறையாவது பின்னி முடித்தவருக்காகவே இது எழுதப்படுகிறது. கண்ணி போடவும், நிட், பேர்ல் என்ற இரண்டு கண்ணிகளையும் பின்னவும், கண்ணி அடைக்கவும் தெரியாதவர்கள் முதலில் அவற்றைப் பழகிக்கொள்ள வேண்டும்.

1. உருவத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரிய பொம்மையின் குறிப்பை எடுத்து மெல்லிய நூலில் பின்னினால் சிறிய பொம்மை வந்துவிடும் என்று எண்ணுவதே இந்த வேலையில் பலரைக் கைவிடச் செய்கிறது. ஊசி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் ஒரு கண்ணியின் அகலம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றருக்குக் கீழே எளிதில் இறங்காது. ஆகவே பொம்மையின் முகத்தில், முன்பக்கமாகத் தெரியும் இடத்தில், உங்களுக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு கண்ணிகள் மாத்திரமே. அதற்குள் கண், மூக்கு, வாய், பொட்டு, தோடு எல்லாவற்றையும் வைக்க முயன்றால் முகம் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். தொலைவில் இருந்து பார்த்தாலும் இன்னதென்று தெரியும் ஒரே ஓர் அடையாளத்தைத் தெரிந்தெடுத்து, மற்றவற்றை விட்டுவிடுங்கள். சேலை கட்டிய பெண்ணுக்குக் கொண்டையும் அதில் வெள்ளைப் பூவும், கடற்றொழிலாளிக்குச் சாரமும் தோளில் வலையும், பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் உலாவும் மானுக்கு வெள்ளைப் புள்ளிகளும் போதுமானவை.

புதியவருக்கு மானை நான் பரிந்துரைப்பதில்லை. நான்கு கால்களும் ஒரே நீளத்தில் வந்து, நிறுத்தினால் சாயாமல் நிற்க வேண்டும் என்பது மனித உருவத்தைவிடக் கடினமான வேலை. கொம்புக்குக் கம்பி வைத்தால் அது ஒருநாள் நூலைக் குத்திக்கொண்டு வெளியே வரும். இரும்புக் கம்பியானால் அதற்கு முன்பே துருப்பிடித்துத் தலையில் மஞ்சள் கறை விடும். கொம்பு வேண்டுமானால் திரித்த நூலைத் தச்சுவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையில் தோய்த்துக் காயவைத்துச் செய்யலாம்.

தவிர்க்க வேண்டியவை மூன்று. தெய்வ உருவங்களையும் புத்தர் உருவத்தையும் தொங்கும் பொம்மையாகச் செய்ய வேண்டாம். சமயத்தை அவமதித்ததாக ஒருவர் முறைப்பாடு செய்தாலே பொலிஸ் வரை போக வேண்டிவரும். கார்ட்டூன் பாத்திரங்களைப் பின்னி விற்க வேண்டாம். அவற்றின் உரிமை வேறொருவருடையது, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. கடற்கரையில் கிடைத்ததாயினும் பவளத் துண்டு எதையும் பொம்மையில் ஒட்ட வேண்டாம். பவளம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, அதை வாங்கிச் செல்லும் உல்லாசப் பயணி விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார். புறாத்தீவு தேசியப் பூங்காவை எதிரே வைத்துக்கொண்டிருக்கும் நிலாவெளியில் இந்த எச்சரிக்கையை இரண்டு முறை சொன்னாலும் தகும்.

2. ஊசியும் நூலும்

உங்களுக்குத் தேவை 1.5 முதல் 2 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள, இரு முனையும் கூரான ஊசிகள் நான்கோ ஐந்தோ கொண்ட ஒரு தொகுதி. நகரில் மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கத்துத் தையற் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தடித்த ஊசிகளே கிடைக்கும். கொழும்பு செல்வோர் இருந்தால் புறக்கோட்டைப் பக்கம் விசாரித்து வரச் சொல்லலாம்.

வாங்கும்போது இலக்கத்தை நம்பாமல் மில்லிமீற்றரைப் பாருங்கள். பழைய பிரித்தானிய முறையில் இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க முறையில் இலக்கம் கூடக் கூட ஊசி தடிக்கும். 8ஆம் இலக்கம் பிரித்தானிய முறையில் 4 மில்லிமீற்றர், அமெரிக்க முறையில் 5 மில்லிமீற்றர். 2 மில்லிமீற்றர் ஊசி பிரித்தானிய முறையில் 14, அமெரிக்க முறையில் 0. அம்மம்மாவின் பெட்டியில் இருந்து எடுத்த ஊசிகள் பெரும்பாலும் பிரித்தானிய இலக்கம் கொண்டவை. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்க இலக்கம் கொண்டவை. கொக்கி ஊசி வேலையிலும் இதே குழப்பம் உண்டு: அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் குரோஷே என்பது பிரித்தானியக் குறிப்பில் டபிள் குரோஷே. குறிப்பு எந்த நாட்டு முறை என்று பார்க்காமல் நூலைத் தொடக்கூடாது.

ஊசி கிடைக்காவிட்டால் சைக்கிள் கம்பி நல்ல மாற்று. சாதாரண சைக்கிள் சில்லுக் கம்பியின் தடிப்பு 2 மில்லிமீற்றர். திருத்தும் கடையில் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிதானா என்று கேட்டு வாங்கி, தலையையும் புரி வெட்டிய முனையையும் நறுக்கிவிட்டால், ஒரு கம்பியில் 12 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு ஊசிகள் வரும். மூன்று கம்பி போதும். முனைகளை அரத்தில் உருட்டி உருட்டிக் கூராக்கி, 400ஆம் இலக்க மணற்கடதாசியாலும் பிறகு 1000ஆம் இலக்கத்தாலும் நீர் தொட்டுத் தேய்த்து, உலர்த்தி, மெழுகுவர்த்தியைப் பூசித் துடைக்க வேண்டும். முடிந்ததா என்று பார்க்க ஒரு துண்டுப் பஞ்சை முனையின்மேல் இழுங்கள். ஓர் இழையாவது பஞ்சில் இருந்து பிரிந்து ஊசியில் தங்கினால் இன்னும் தேய்க்க வேண்டும். சாதாரண முலாம் பூசிய கம்பியைத் தவிர்ப்பது நல்லது. நம் ஊர் உப்புக் காற்றில், வியர்த்த கையில், அது ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்து வெளிர் நிற நூலைக் கெடுத்துவிடும்.

நூலைப் பொறுத்தவரை, கம்பளியும் தடித்த அக்ரிலிக்கும் இங்கு வேண்டாம். வெயில் நேரத்தில் அவை விரலிலும் ஊசியிலும் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். பளபளப்பேற்றிய பருத்தி நூல், அதாவது குரோஷே வேலைக்கென்று பந்தாக விற்கப்படும் 10ஆம் அல்லது 20ஆம் இலக்க நூல், உடலுக்குப் பொருந்தும். நிறங்களுக்கு அங்கர் எம்பிராய்டரி நூல் உதவும். ஒரு கண்டு 8 மீற்றர், ஆறு இழைகளாகப் பிரியும், இரண்டோ மூன்றோ இழை சேர்த்துப் பின்னலாம். சிவப்பு, கடும் நீலம், கறுப்பு ஆகிய நிறங்களை வாங்கியதும் ஓர் அடி நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கும் நூலை, எவ்வளவு அழகானதாக இருந்தாலும், பின்னலுக்கு எடுக்க வேண்டாம். கடலுக்குப் போகிறவரின் பையில் தொங்கும் பொம்மை நனையத்தான் செய்யும்.

ஒரு பொம்மைக்கு வேண்டிய எல்லா நிறமும் ஒரே தடவையில் வாங்கப்பட வேண்டும். அடுத்த முறை கடையில் அதே இலக்க நூல் இருந்தாலும் சாயத் தொகுதி வேறாக இருந்தால் ஒரே பொம்மையின் இரு கைகளும் இரு நிறமாகத் தெரியும்.

3. அளவுத் துண்டு பின்னிக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல எல்லோருக்கும் ஆசை வரும். 20 கண்ணி போட்டு 20 வரிசை பின்னி, மேசையில் வைத்து, நடுவில் 2 சென்ரிமீற்றருக்குள் எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ணுங்கள். 1.5 மில்லிமீற்றர் ஊசியில் சென்ரிமீற்றருக்கு 5 கண்ணி வந்தால் சரி. நாலரைக்குக் கீழே வந்தால் உள்ளே அடைக்கும் வெள்ளைப் பஞ்சு வெளியே தெரியும். ஊசியை மெலிதாக்குங்கள், அல்லது நூலில் ஓர் இழையைக் கூட்டுங்கள்.

சென்ரிமீற்றருக்கு 5 கண்ணி என்ற கணக்கில் 7 சென்ரிமீற்றர் பொம்மைக்கு உடலின் சுற்றளவு 24 கண்ணி, தலையின் சுற்றளவு 30 கண்ணி, கைக்கு 4 கண்ணி என்று எடுத்துக்கொள்ளலாம். தலை மொத்த உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். உண்மையான மனித விகிதத்தில் பின்னினால் தலை பட்டாணியளவுக்குச் சிறுத்து, முகம் வைக்க இடமில்லாமல் போகும்.

4. உடலைப் பின்னுதல்

இரண்டு ஊசியில் தட்டையாகப் பின்னிப் பின்னால் தைப்பதா, நான்கு ஊசியில் வட்டமாகப் பின்னுவதா என்பது முதல் கேள்வி. தட்டையாகப் பின்னுவது எளிது. ஆனால் தைக்கும்போது இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி உள்ளே போய்விடும் என்பதால் 24க்குப் பதிலாக 26 கண்ணி போட வேண்டும். பெரிய பொம்மையில் கண்ணுக்குத் தெரியாத அந்தத் தையல், இந்த அளவில் முதுகில் ஒரு வரம்பாகப் புடைத்து நிற்கும். முதல் சில பொம்மைகளைத் தட்டையாகச் செய்து கைபழகியபின் வட்டத்துக்கு மாறுவதே என் பரிந்துரை.

வட்டமாகப் பின்னும்போது மூன்று ஊசியில் எட்டெட்டுக் கண்ணியாகப் பிரித்து, நான்காவது ஊசியால் பின்னுகிறீர்கள். ஓர் ஊசி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஏணிப்படிபோல் இடைவெளி விழுவது வழமை. அதைத் தடுக்க முதல் கண்ணியை இறுக்குவதைவிட, இரண்டாவது கண்ணியைப் பின்னும்போது நூலைச் சற்று இழுப்பது பலன் தரும். அத்துடன் சில சுற்றுக்கு ஒருமுறை ஒரு கண்ணியை அடுத்த ஊசிக்கு நகர்த்தினால் இடைவெளி ஒரே நேர்கோட்டில் சேராது. சுற்றுத் தொடங்கும் இடத்தை வேறொரு நிற நூலால் குறித்து வையுங்கள். சுற்று எங்கே தொடங்கியது என்று தெரியாமல் போனால் 24 கண்ணியில் ஒன்று தப்பியதைக் கண்டுபிடிப்பது கண்ணுக்குப் பெரும் தண்டனை.

கால்களை முதலில் தனித்தனியே பின்னி, இரண்டையும் ஒரே ஊசித் தொகுதியில் சேர்த்து உடலாகத் தொடர்வது நல்லது. தனியே தைத்துப் பொருத்தும் கால், திறப்போடு இழுபட்டு இழுபட்டுக் கழன்று போகும். கைகளை ஐ-கோர்ட் முறையில் செய்யலாம்: இரு முனை ஊசியில் 4 கண்ணி போட்டு, ஒரு வரிசை பின்னி, ஊசியைத் திருப்பாமல் கண்ணிகளை மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்னால் இழுத்து மீண்டும் பின்னிக்கொண்டே போனால் மெல்லிய குழாய் ஒன்று உருவாகும். 2 சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டியதும் நிறுத்தி, நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் விட்டு இழுத்து முடியுங்கள். அதற்குள் பஞ்சு வைக்கத் தேவையில்லை.

கழுத்துக்கென்று கண்ணிகளைக் குறைத்துப் பின் கூட்டுவதைவிட, உடலில் இருந்து தலை வரை ஒரே போக்கில் பின்னிக்கொண்டு, தலை தொடங்கும் சுற்றில் 6 கண்ணி கூட்டி, பஞ்சடைத்தபின் கழுத்துச் சுற்றில் நூலோட்டி இறுக்குவது நேர்த்தியாக வரும்.

5. பஞ்சடைத்தலும் முகமும்

தலையணைக்குப் பயன்படும் இலவம் பஞ்சு வீட்டில் இருக்கும், ஆனாலும் வேண்டாம். ஈரத்தில் கட்டிபட்டுவிடும், விதையும் தூசும் பூச்சியைக் கூட்டிவரும். பொலியெஸ்டர் பஞ்சை, விரல் நுனியளவு சிறு சிறு துணுக்காகப் பிய்த்து, மழுங்கிய முனையுள்ள சாமணத்தால் வையுங்கள். ஒரே உருண்டையாகத் திணித்தால் கண்ணிகள் விரிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். பொம்மை நிற்க வேண்டும் என்பதற்காகக் கடற்கரை மணலை அடியில் போடுவோர் உண்டு. மணலில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, துணியை எப்போதும் ஈரமாகவே வைத்திருக்கும்.

கண்களைத் தலையின் நடுக்கோட்டுக்கு ஒரு வரிசை கீழே, இடையில் நான்கு கண்ணி விட்டு வையுங்கள். தைக்கும் முன் கறுப்புத் தலை ஊசிகளைக் குத்தி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ஒரு கண்ணி இடம் மாறினாலே முகத்தின் குணம் மாறும். திகைத்த முகமும் சிரித்த முகமும் அந்த இரண்டு மில்லிமீற்றரில்தான் இருக்கின்றன. ஓர் இழைக் கறுப்பு நூலில் முடிச்சுத் தையல் போட்டால் கண் ஆயிற்று. பிளாஸ்டிக் கண்ணும் மணியும் வேண்டாம். கழன்றால் சிறு பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கழலும் சிறு பாகங்கள் எதுவும் ஆபத்தானவை. விளையாட்டுப் பொருள் அன்று என்று அட்டையில் எழுதினாலும் பொம்மையைக் கண்ட பிள்ளை கையை நீட்டத்தான் செய்யும். வாயை நான் வைப்பதில்லை. வைத்தே ஆக வேண்டுமானால் ஒரே ஒரு சிறு சிவப்புத் தையல்.

நூல் முனைகளை ஒளிப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு முனையையும் உடலுக்குள் குறுக்காக விட்டு, மறுபக்கம் எடுத்து, திசை மாற்றி மீண்டும் உள்ளே விட்டு, பிறகு வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் பசை தடவினால் காய்ந்தபின் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும். முடித்த பொம்மையை இளஞ்சூட்டு நீரில் அலசி, துவாயில் அமர்த்தி, நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரிப் பெட்டி அருகில் வரவே கூடாது.

6. செலவும் விலையும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பவர் இதைப் படிக்கட்டும். பொருட்செலவு மிகக் குறைவு, நேரம்தான் செலவு. கைபழகியவருக்கும் 7 சென்ரிமீற்றர் பொம்மை ஒன்றுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் பிடிக்கும்: உடலும் தலையும் பின்ன மூன்று மணி, உடுப்புக்கு ஒன்றரை மணி, தலைமுடிக்கும் முகத்துக்கும் ஒரு மணி, தைத்துப் பொருத்தி நூல் முனைகளை ஒளிக்க ஒன்றரை மணி. பின்னும் நேரத்தை மாத்திரம் எண்ணி விலை சொல்பவர் அதற்குப் பின் வரும் இரண்டரை மணி நேரத்தை இலவசமாகக் கொடுக்கிறார்.

கணக்கைக் காட்டுவதற்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். உங்கள் தொகை வேறாக இருக்கலாம். மணிக்கு 250 ரூபா கூலி என்றால் 1,750 ரூபா. நூல், பஞ்சு, திறப்பு வளையம் 200 ரூபா. பெட்டியும் அட்டையும் 80 ரூபா. மொத்தம் 2,030 ரூபா. விடுதியோ கடையோ விற்பனை விலையில் 30 வீதம் எடுக்கும் என்றால், 2,030க்கு மேல் 30 வீதத்தைக் கூட்டி 2,639 என்று விலை குறிப்பதுதான் வழக்கமாகச் செய்யப்படுவது. அந்த விலையில் கடைக்காரரின் 30 வீதம் ஏறத்தாழ 792 ரூபா. உங்களுக்கு வருவது 1,847. ஒவ்வொரு பொம்மையிலும் 183 ரூபா நட்டம். சரியான வழி 2,030ஐ 0.7ஆல் வகுப்பது: விலை 2,900 ரூபா.

“பிள்ளை, இவ்வளவு சின்னச் சாமானுக்கு இந்த விலையோ?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அளவைக் குறைத்தால் விலை குறையும் என்பது சீலைத் துணிக்குப் பொருந்தும், இதற்கு நேர்மாறு. அவர்களுக்காக விலையைக் குறைக்காமல், அரை மணி நேரத்தில் முடியும் பின்னல் மீன் போன்ற சிறு பொருளொன்றைக் குறைந்த விலையில் பக்கத்தில் வையுங்கள். வாங்க வந்தவர் வெறுங்கையோடு போகமாட்டார்.

7. பதிவும் ஆவணங்களும்

தெரிந்தவருக்கு ஒன்றிரண்டு பொம்மை செய்து கொடுக்கும்வரை பதிவு பற்றி யோசிக்கத் தேவையில்லை. விடுதியொன்று பற்றுச்சீட்டுக் கேட்கும்போதும், வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க வேண்டிவரும்போதும் பதிவுச் சான்றிதழ் தேவைப்படும். தனிநபர் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதியலாம். எந்தச் செயலகம் என்பது நீங்கள் பின்னும் வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது, விற்கும் இடத்தைப் பொறுத்தது அன்று. நகரிலும் உப்புவெளியிலும் இருப்போருக்குப் பட்டணமும் சூழலும் பிரதேச செயலகம். நிலாவெளியில் இருப்போருக்குக் குச்சவெளிப் பிரதேச செயலகம்.

கொண்டு செல்ல வேண்டியவை: நிரப்பிய விண்ணப்பப் படிவம், தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், கிராம உத்தியோகத்தரின் சான்று, வியாபாரம் நடக்கும் இடத்துக்கான ஆதாரம். கடைசியாகச் சொன்னதில்தான் அதிகமானோர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். நம் பகுதியில் வீட்டு உறுதி பெரும்பாலும் அம்மாவின் பெயரிலோ, சீதனமாக எழுதப்பட்டு அக்காவின் பெயரிலோ இருக்கும். அப்படியானால் உறுதியின் பிரதியோடு, இவ்விடத்தில் தொழில் செய்ய ஆட்சேபனை இல்லை என்று உரிமையாளர் கையொப்பமிட்ட கடிதமும், அவருடைய அடையாள அட்டைப் பிரதியும், ஆதனவரிப் பற்றுச்சீட்டும் எடுத்துச் செல்லுங்கள். வாடகை வீடானால் ஒப்பந்தம் வேண்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் செயலகத்துக்குச் சென்று படிவத்தையும் தேவைப்படும் ஆவணப் பட்டியலையும் அன்றைய கட்டணத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் கிராம உத்தியோகத்தரிடம் செல்லுங்கள். அவர் வெளிக்கள வேலையில் இருக்கும் நாட்களில் அலுவலகம் பூட்டியிருக்கும் என்பதால் இருக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது ஒரு முச்சக்கர வண்டிக் காசை மிச்சப்படுத்தும். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கள் அப்படியே வரவேண்டும். அட்டையில் ஒருவிதமும் வங்கிப் புத்தகத்தில் இன்னொருவிதமும் இருந்தால் பிற்பாடு காசோலை மாற்றும்போது சத்தியக் கடதாசி வரை போக வேண்டியிருக்கும்.

வரி செலுத்துவோர் அடையாள இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இணையத்தின் ஊடாகக் கட்டணமின்றிப் பெறலாம். இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டிவரும் என்று அஞ்சி அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் பலர். இலக்கம் வேறு, வரி வேறு. 2025/2026 மதிப்பீட்டு ஆண்டில் தனிநபருக்கான வருடாந்த வரி விலக்கு 18 இலட்சம் ரூபா. ஊசிமுனையில் அதைத் தொடுவதற்கு நெடுங்காலம் எடுக்கும்.

தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிவு செய்வதும் பயன் தரும். கண்காட்சிகளுக்கும், அப்பேரவை நடத்தும் சில்ப அபிமானி போட்டிக்கும் அந்த வழியாக அறிவித்தல் கிடைக்கும். பிரதேச செயலகத்தில் சிறு தொழில்முயற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேட்டால் விபரம் சொல்வார்.

8. எந்த மாதத்தில் எதைச் செய்வது

கிழக்குக் கரையின் உல்லாசப் பயணப் பருவம் ஏறத்தாழ மே முதல் செப்ரெம்பர் வரை. நவம்பரில் இருந்து ஜனவரி வரை வடகீழ் பருவமழை. வெளியில் போக முடியாத அந்த மாதங்கள்தாம் பின்னுவதற்கு உரியவை. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்று மாதத்தில் நாற்பது பொம்மைக்குச் சற்றுக் கூட முடிக்கலாம். அதற்கு மேல் திட்டமிட வேண்டாம். கண்ணும் கழுத்தும் ஒத்துழைக்காது. பதிவு வேலைகளைப் பெப்ரவரியிலும், விடுதிகளோடு பேசுவதை மார்ச்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் போனால் முதலாளிக்கு உங்களோடு பேச நேரமிருக்காது.

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெளிநாட்டு உறவினர் விடுமுறைக்கு வருவார்கள். பூப்புனித நீராட்டு விழாவுக்கும் முதற் பிறந்தநாளுக்கும் வருவோருக்குக் கொடுக்க ஐம்பது, நூறு என்று கேட்பார்கள். நூறு பொம்மைக்கு எழுநூறு மணி நேரம் வேண்டும் என்பதை ஓடரை ஏற்கும் முன் சொல்லிவிடுங்கள். விழா நாயகியின் உருவில் ஒன்றே ஒன்றை நுணுக்கமாகச் செய்து, மற்றவர்களுக்குச் சிறு பின்னற் பூவைக் கொடுக்கலாம் என்று பேசிப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். பாதிப் பணம் முன்னதாக வாங்காமல் நூலை வெட்டக்கூடாது.

மழைக்காலத்தில் முடித்தவற்றைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அலுமாரியில் போடும் நாப்தலின் உருண்டையைத் தவிருங்கள். அந்த வாசம் பருத்தி நூலை விட்டுப் போகாது.

9. விடுதியில் விற்பனைக்கு வைத்தல்

விற்றபின் பணம் என்ற முறையில்தான் பெரும்பாலான இடங்களில் எடுப்பார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் இலக்கமிட்ட அட்டை கட்டி, இலக்கம், உருவம், விலை, உங்கள் பங்கு ஆகியவற்றை இரு பிரதியில் எழுதி, ஒன்றில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். மாதத்தில் எந்த நாள் கணக்குப் பார்ப்பது, காணாமல் போனால் யார் பொறுப்பு, வெயிலில் நிறம் வெளுத்தால் யார் பொறுப்பு என்ற மூன்றும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மூன்றாவதை நான் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஓர் இடத்தில் பருவம் முழுவதும் கண்ணாடி அலுமாரியில், பின்னேர வெயில் நேரே விழும் தட்டில் வைத்திருந்து, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் இளஞ்சிவப்புமாக என்னிடம் திருப்பித் தந்தார்கள்.

பத்துக்கு மேல் ஓரிடத்தில் கொடுக்க வேண்டாம். மூன்று இடங்களில் ஆறாறு வைத்தால் எந்த உருவம் எங்கே போகிறது என்று தெரியும். கடற்கரையில் நடந்து விற்க நினைப்போர் முதலில் அந்தப் பகுதியின் உள்ளூராட்சி சபையில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

10. வெளிநாட்டுக்கு அனுப்புதல்

சர்வதேச சிறு பொதியாகத் தபாலில் 2 கிலோ வரை அனுப்பலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 90 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. பொம்மைகளின் எடை அதை நெருங்கவே நெருங்காது என்பதால் பெட்டியைக் கெட்டியானதாகத் தெரிவு செய்யுங்கள். சீ.என். 22 என்ற சுங்கப் பிரகடனத்தில் பொருளின் பெயரைக் கையால் பின்னிய பருத்தி அலங்காரப் பொம்மை என்று முழுமையாகவும், விலையை உண்மையாகவும் எழுத வேண்டும். வாங்குபவர் சிலர் அன்பளிப்பு என்று போடச் சொல்வார்கள். விற்ற பொருளை அப்படிப் போட்டால் அங்கே சுங்கத்தில் தடுக்கப்படும்போது உங்கள் பெயர்தான் படிவத்தில் இருக்கும். அந்நாட்டில் வரக்கூடிய சுங்க வரியை வாங்குபவரே கட்ட வேண்டும் என்பதைப் பணம் பெறும் முன் எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய நாடுகளில் விளையாட்டுப் பொருளுக்குத் தனிப் பாதுகாப்பு விதிகள் உள்ளதால், கடைகளுக்கு மொத்தமாக அனுப்பும் ஓடரை, அந்த விதிகளை வாங்கும் கடையிடமே எழுத்தில் கேட்டுப் பெறாமல் ஏற்க வேண்டாம்.

பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டில் உள்ள இலக்கத்தை அன்றே படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்புங்கள். பொதிக்குள் பொம்மையோடு அதே நூலில் ஒரு முழம் சுற்றி வைத்துவிட்டால், எங்காவது ஒரு கண்ணி அறுந்தாலும் அங்கேயே தைத்துக்கொள்வார்கள். பொம்மை உங்களிடம் திரும்பி வர வேண்டியிருக்காது.